லாச்சப்பல் அல்ல, சாந்த் சப்பல்: 1113 விவிலியக் காட்சிகளுக்கு ஒரு நுழைவுச்சீட்டு

பாரிஸுக்கு வரும் உறவினர்களிடம் “சாந்த் சப்பலுக்குப் போவோம்” என்று சொன்னால், சேலை எடுக்கவும் கொத்துரொட்டி சாப்பிடவும் லாச்சப்பலுக்குத்தான் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலானோர் வெறும் பையோடு புறப்பட்டுவிடுகிறார்கள். லாச்சப்பல் நம்மவர்களின் கடைத்தெரு. சாந்த் சப்பலோ செய்ன் ஆற்றின் நடுவிலுள்ள சித்தே தீவில், நீதிமன்றக் கட்டடங்களின் முற்றத்துக்குள் ஒளிந்து நிற்கும் 13ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சிற்றாலயம். லாச்சப்பலிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்துவந்து நான்காம் இலக்க மெட்ரோவில் ஏறினால், மாறாமல் சித்தே நிலையத்தில் இறங்கலாம். இவ்வளவு அருகில் இருந்தும் பல ஆண்டுகள் பாரிஸில் வாழ்ந்த நம்மவர்களில் பலர் அதற்குள் காலடி வைக்கவில்லை என்பதனாலேயே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் இதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர்களுடைய வழிகாட்டி எங்களை மேல்மாடத்தில் நிறுத்தி, “படிக்கத் தெரியாத ஏழைகளுக்காகச் செய்யப்பட்ட விவிலியம் இது” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, படம் எடுக்கப் பத்து நிமிடம் தந்தார். எல்லோரும் தலையை அண்ணாந்து “அழகு, அழகு” என்றோம், இறங்கி வந்துவிட்டோம். அந்த வாக்கியம் எவ்வளவு பொருந்தாதது என்பது நான்காம் தடவை பெரியம்மாவோடு போனபோதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நுழைவு பற்றி. இணையத்தில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்துக்கொண்டு போவதே நல்லது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இல்லை. மற்றவர்களுக்கான கட்டணம் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டு வருவதால் புறப்படும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நீதிமன்றம் இருப்பதால் விமான நிலையத்தில் போலவே பைகளைச் சோதிப்பார்கள். கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் போத்தல் எதையும் கொண்டுபோக முடியாது. பெரியம்மாவிடம் பாக்குவெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி முதல் நாளே சொல்லிவிட்டேன். சீட்டில் குறித்த நேரம் உள்ளே போவதற்கு மட்டும்தான். போன பிறகு எவ்வளவு நேரமும் இருக்கலாம். இந்த மதிப்புரையில் நான் சொல்லும் எல்லாம் அந்த வசதியை நம்பித்தான் நிற்கிறது.

கீழ்மாடத்தில் நுழைந்ததும் தாழ்ந்த கூரை, நீலமும் பொன்னும் பூசிய தூண்கள், ஒரு நினைவுப்பொருள் கடை. அரண்மனைப் பணியாளர்கள் வழிபட்ட இடம் அது. அங்கே அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. மூலையிலுள்ள சுழல் படிக்கட்டு ஒடுக்கமானது; முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் வாசலிலேயே ஊழியரிடம் சொன்னால் மாற்று வழி காட்டுவார்கள். பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே ஏறினார். கடைசிப் படியில் தலை மேலே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவருக்காகக் காத்து நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மேல்மாடத்தில் சுவர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. மெல்லிய தூண்களுக்கு இடையில் பதினைந்து நெடிய சாளரங்கள். பக்கவாட்டில் உள்ளவை பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமானவை. கண்ணாடியின் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டருக்கு மேல். அதில் 1113 காட்சிகள். ஒரு காட்சிக்கு, ஓரத்து அலங்காரத்தையும் சேர்த்து, சராசரியாக அரைச் சதுர மீட்டர்தான் வரும் என்று கணக்குப் போட்டால், இங்கே கண்ணுக்கு ஏற்படும் சிக்கல் விளங்கும். இவ்வளவு கண்ணாடிக்கு நடுவில் கல்கூரை எப்படி நிற்கிறது என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். கண்ணாடிப் பலகைகளைத் தாங்குவதற்காகக் குறுக்கே போட்டதாகத் தோன்றும் இரும்புச் சட்டங்களில் சில, உண்மையில் மாடம் முழுவதையும் அரைஞாண் போலச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புச் சங்கிலியின் பகுதிகள். 13ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் அந்த இரகசியத்தை ஓவியத்துக்குள்ளேயே மறைத்துவிட்டார்.

படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் போனால் இத்தனையும் வெறும் வண்ணக் கம்பளமாகத்தான் தெரியும். கிழக்கிலுள்ள பீடத்தைப் பார்த்து நின்றால், இடக்கைப் பக்கம் வாசலுக்கு அருகிலுள்ள முதல் சாளரம் விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல். அடுத்தது விடுதலைப் பயணம், பிறகு எண்ணிக்கை, அதன் பிறகு இணைச் சட்டமும் யோசுவாவும். பீடத்தைச் சூழ்ந்த ஒடுங்கிய சாளரங்களில் நீதித் தலைவர்கள், எசாயாவும் ஈசாயின் மரம் என்னும் இயேசுவின் குலமரமும், நற்செய்தியாளர் யோவானும் இயேசுவின் குழந்தைப் பருவமும், நடுநாயகமாக இயேசுவின் திருப்பாடுகள், பிறகு திருமுழுக்கு யோவானும் தானியேலும், எசேக்கியேல், எரேமியாவும் தோபித்தும். வலக்கைப் பக்கமாகத் திரும்பி வந்தால் யூதித்தும் யோபும், எஸ்தர், அரசர்கள். கடைசிச் சாளரத்தில் திருப்பண்டங்கள், அதாவது இயேசுவோடு தொடர்புடையவை என்று போற்றப்பட்ட பொருட்கள், பாரிஸுக்கு வந்த வரலாறு. சீர்திருத்தத் திருச்சபைகளின் விவிலியத்தோடு வளர்ந்தவர்கள் தோபித்தையும் யூதித்தையும் தங்கள் நூலில் தேடி மலைக்க வேண்டாம். அவை கத்தோலிக்க விவிலியத்தில் உள்ளவை.

ஒவ்வொரு சாளரத்தையும் பொதுவாகக் கீழிருந்து மேலாகவும் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். நாம் எழுத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பழகியவர்கள் என்பதனால் முதல் பத்து நிமிடம் கண் முரண்டு பிடிக்கும். வட்டம், நீள்வட்டம், நான்கிதழ்ப் பூ என்று காட்சிகளைச் சூழ்ந்த சட்டகத்தின் வடிவம் சாளரத்துக்குச் சாளரம் மாறுகிறது. ஒரு சாளரத்தில் வட்டத்தைப் பின்தொடரப் பழகிய கண்ணை அடுத்த சாளரம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைக்கிறது.

ஆகவே என் முதல் பரிந்துரை பைனாகுலர். கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் திரையில் முகங்கள் கருத்துப் போகின்றன. இரண்டாவது பரிந்துரை, போகுமுன் ஒரே ஒரு நூலையாவது வீட்டில் வாசித்துவிட்டுப் போவது. எஸ்தர் பத்து அதிகாரம்தான். ஒரு மாலைப்பொழுது போதும். எல்லாச் சாளரத்தையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பேன் என்று கிளம்பியவர்கள் கழுத்து வலியோடு திரும்புவார்கள். நான் மூன்றாம் தடவை அப்படித்தான் திரும்பினேன்.

இப்போது பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் மீன்பிடிக் கிராமம் ஒன்றில் கோயில் கூத்துகளைப் பார்த்து வளர்ந்தவர். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. வலப்பக்க ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து பைனாகுலரைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர் சிறிது நேரத்தில் என் கையைத் தட்டினார். “தம்பி, உங்கை பார், பொம்பிளை வாளோடை நிக்கிறா. உது யூதித்து எல்லே?” அது யூதித்துதான். எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினின் கூடாரம், வெட்டப்படும் தலை எல்லாம் உள்ளங்கையளவாகத் தெரிந்தன. நான் விளக்கக் குறிப்புகளில் தேடித் தேடிக் கண்டுபிடித்ததை அவர் கூத்துக் கண்ணால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். கூத்தில் யார் அரசன், யார் தூதன் என்பது உடையிலும் நிற்கும் நிலையிலும் தெரிந்துவிடும் அல்லவா? இந்தக் கண்ணாடியிலும் அப்படித்தான். அரசன் என்றால் முடியோடு உட்கார்ந்திருப்பான். கட்டளையிடுபவனின் சுட்டுவிரல் உடலைவிட நீண்டதுபோல் தெரியும். முகத்தில் உணர்ச்சி பெரிதாக இருக்காது, கையில்தான் எல்லாம்.

பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி மூன்றாம் சாளரமான எண்ணிக்கையை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “என்ன தம்பி, எந்தக் கட்டத்தைப் பாத்தாலும் ஆருக்கோ முடி சூட்டுறாங்கள்!”

உண்மைதான். எண்ணிக்கை நூலை வாசித்தவர்களுக்கு அதில் நினைவிருப்பது பாலைவனமும் கணக்கெடுப்பும் முணுமுணுப்பும்தான். குலத் தலைவர்களுக்கு முடிசூட்டும் சடங்கு அந்த நூலில் எங்கும் இல்லை. ஆனால் இந்தக் கண்ணாடியில் இஸ்ரயேலின் குலத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரெஞ்சு அரசர்களைப் போல முடிசூடுகிறார்கள். யாருடைய செலவில் இந்தக் கட்டடம் எழுந்தது என்பதை நினைத்தால் காரணம் தானாக விளங்கும்.

கொன்ஸ்தாந்திநோபிளின் பேரரசர் இரண்டாம் போல்ட்வின் பணமுடையால், இயேசுவுடையது என்று போற்றப்பட்ட முள்முடியை வெனிஸ் வணிகர்களிடம் அடகு வைத்திருந்தார். பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி அதை மீட்டு எடுத்தார். விலை அக்காலப் பிரெஞ்சு நாணயத்தில் 135,000 லீவ்ர். அந்த முடியை வைப்பதற்காகக் கட்டிய இந்தச் சிற்றாலயத்துக்கு ஆன செலவு 40,000 லீவ்ர்தான் என்பார்கள். நகையைவிட நகைப்பெட்டி மலிவு. முடி 1239இல் பிரான்ஸுக்கு வந்தபோது அரசர் அணிகலன்களைக் களைந்து வெறுங்காலோடு அதைத் தாமே சுமந்து நடந்தார். அந்தக் காட்சி வலப்பக்கத்துக் கடைசிச் சாளரத்தில் இருக்கிறது. தொடக்கநூலில் ஆரம்பித்து மாடத்தைச் சுற்றி வரும் கதை, அரசர்கள் நூல் முடிந்ததும் நேராகப் பாரிஸுக்குள் நுழைகிறது! தாவீதும் சாலமோனும் போன வரிசையில் அடுத்த ஆளாகத் தன்னை நிறுத்திக்கொண்ட அரசனின் துணிச்சல் அது. சாளர ஓரங்களில் திரும்பத் திரும்ப வரும் லில்லிப் பூ பிரெஞ்சு அரசச் சின்னம். பொன்னிறக் கோட்டை, லூயியின் தாய் பிளான்ச் பிறந்த காஸ்தீல் அரசகுலத்தின் சின்னம். யூதித்தும் எஸ்தரும் அடுத்தடுத்து இவ்வளவு இடம் பெற்றதற்கு அந்த அரசியாரும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் கருதுவது பொருத்தமாகவே படுகிறது.

ஆகவே முதல் தடவை எங்களுக்குச் சொன்ன “ஏழைகளின் விவிலியம்” என்ற விளக்கம் இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. மேல்மாடம் அரசனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அரசவைப் பெரியவர்களுக்கும் உரியது. பதினைந்து மீட்டர் உயரத்தில் உள்ளங்கையளவாகத் தெரியும் முகத்தைப் பார்த்து எந்த ஏழை மறைக்கல்வி கற்றிருக்க முடியும்? பைனாகுலர் வைத்திருக்கும் நமக்கே பாதி பிடிபடவில்லை.

திருப்பாடுகள் சாளரத்தைப் பார்க்க மாடத்தின் நடு அச்சில் நில்லுங்கள். முள்முடி சூட்டும் காட்சி அங்கே இருக்கிறது. அதற்குக் கீழேதான் லூயி மீட்டு எடுத்த முள்முடி வைத்த பேழை மேடை இருந்தது. சாளரத்தில் கண்ணாடி முடி, அதன் கீழே பேழையில் முடி, தரையில் முடிசூடிய அரசன். இந்த நேர்கோடு தற்செயலாக அமைந்ததில்லை. பேழை பிரெஞ்சுப் புரட்சியின்போது உருக்கப்பட்டது. முள்முடி பின்னர் நோத்ர் தாம் பேராலயத்துக்குப் போய், 2019ஆம் ஆண்டுத் தீயிலிருந்தும் காப்பாற்றப்பட்டது. இங்கே இப்போது மேடை மட்டும் வெறுமையாக நிற்கிறது.

கண்ணாடியில் எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்கு: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆலயம் 1248 ஏப்ரலில் நேர்ந்தளிக்கப்பட்டது. இழப்பு வந்தது போரால் அல்ல, காகிதத்தால். புரட்சிக்குப் பிறகு இந்த மாடத்தை நீதிமன்றத்தின் ஆவணக் களஞ்சியம் ஆக்கினார்கள். கோப்பு அடுக்கும் அலுமாரிகளுக்காகச் சாளரங்களின் அடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அளவுக்குக் கண்ணாடியைக் கழற்றி எடுத்தார்கள். கழற்றியவற்றில் சில கடல் கடந்தன. இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சில காட்சிகளை இன்றும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பெரும் பழுதுபார்ப்பு நடந்தபோது விட்டுப்போனவற்றைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். பழைய பாணியை அவ்வளவு கவனமாகப் பின்பற்றியதால் கீழே நிற்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. எது பழையது என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம்.

2008 முதல் 2015 வரை நடந்த சீரமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸின் புகையும் மூச்சுக்காற்றின் ஈரமும் படிந்து கறுத்திருந்த கண்ணாடிகளை லேசர் கதிரால் துப்புரவாக்கி, ஒவ்வொரு பலகைக்கும் வெளியே அதன் மேடுபள்ளத்துக்கேற்ப வார்த்த காப்புக் கண்ணாடி பொருத்தினார்கள். செலவு ஏறக்குறைய ஒரு கோடி யூரோ. அதில் பாதியளவைத் தந்தது, கூரைச் சாளரம் விற்கும் வெலுக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த டென்மார்க் அறக்கட்டளை. சாளரம் விற்றுச் சேர்த்த பணம் சாளரத்துக்கே போனது.

எந்த நேரத்தில் போவது? வெயில் நாளில் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். உச்சி வெயிலில் தெற்குப் பக்கத்துச் சிவப்பு தணல் போல எரியும், தரையில் வண்ணப் புள்ளிகள் விழும், படம் நன்றாக வரும். ஆனால் ஒளி பொங்கி உருவங்களின் விளிம்பைத் தின்றுவிடும். சிவப்பும் நீலமும் தொலைவில் ஒன்றோடொன்று கலந்து கத்தரிப்பூ நிறமாகத் தெரிவதும் அப்போதுதான். மப்பும் மந்தாரமுமான நாளில் நீலம் முன்னுக்கு வரும், ஆட்கள் தெளிவாவார்கள், கதை படிக்கலாம். பெரியம்மாவோடு போனது கார்த்திகை மாதத்துச் சாம்பல் நாள் ஒன்றில். கூட்டமும் குறைவு.

மேற்கிலுள்ள வட்டச் சாளரத்துக்கு மட்டும் பிற்பகல் வெயில் வேண்டும். ஒன்பது மீட்டர் குறுக்களவுள்ள அது திருவெளிப்பாடு நூலைச் சொல்கிறது. மற்றவற்றைவிட இரண்டரை நூற்றாண்டு பிந்தியது. அதற்குள் கைப்பழக்கம் மாறிவிட்டது. கண்ணாடியில் வெள்ளிச் சேர்மம் பூசிச் சுட்டு மஞ்சள் வரவழைக்கும் வித்தை வந்துவிட்டதால், ஈயப்பட்டி போட்டு வேறு துண்டைச் சேர்க்காமல் ஒரே துண்டில் தலைமுடியையும் முகத்தையும் தீட்ட முடிந்தது. பச்சையும் மஞ்சளும் மிகுந்த அந்த வட்டம் தனியாகப் பார்த்தால் மிக நேர்த்தியானது. ஆனால் பழைய சாளரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் அச்சடித்த சேலை போல எனக்குப் பட்டது. ஏழு பொன் விளக்குத்தண்டுகளுக்கு நடுவில் வாயிலிருந்து வாள் நீண்ட மானிட மகனை, அதாவது கிறிஸ்துவை, நடுவட்டத்தில் தேடிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. பகல் முழுவதும் சலசலப்பு ஓய்வதில்லை. வழிபாட்டு அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் இது இப்போது அரசு பராமரிக்கும் நினைவுச்சின்னம்தான். ஓரத்தில் இருக்கும் கதிரைகள் விரைவில் நிரம்பிவிடும். முதியவர்களோடு போகிறவர்கள் மேலே ஏறியதும் முதல் வேலையாக இடம் பிடித்துவிடுங்கள். மாலையில் இசைக் கச்சேரிகள் நடப்பதுண்டு. கண்ணாடிக்காகப் போகிறவர்கள் குளிர்காலக் கச்சேரிக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். இருட்டிய பிறகு சாளரங்கள் கரும்பலகை போலாகிவிடும்.

இந்தச் சீட்டுக்குக் கொடுத்த பணம் முழுப் பயன் தர வேண்டும் என்றால் அன்றைக்கே ஆற்றைக் கடந்து, நடைத்தூரத்திலுள்ள குளூனி அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். சாந்த் சப்பலிலிருந்து பிரிந்த சில பலகைகள் அங்கே கண்மட்டத்தில் இருக்கின்றன. நீதித் தலைவர்கள் சாளரத்தைச் சேர்ந்த சிம்சோன் சிங்கத்தை மடக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. மேலே தூசியளவாகத் தெரிந்தது இங்கே மூக்குக்கு முன்னால் நிற்கும். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. மேலே வரைந்தது கபில நிறம் ஒன்று மட்டும்தான். கண், மூக்கு, துணியின் மடிப்பு எல்லாம் அந்த ஒரு நிறத்தின் ஓட்டம். சில கோடுகள் தூரிகை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்தவை. துண்டுகளைக் கோக்கும் ஈயப்பட்டி சிம்சோனின் தோளில் எலும்பு போலவே வளைந்து போகிறது. பெரியம்மா கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று, விரலை நீட்டி, தொடாமல், அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகக் காற்றில் வரைந்து பார்த்தார்.